பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க்‌ஷீட்டில் ஒரு பெயர்: அமெரிக்க விசாவுக்கு முன்னால் என்ன செய்வது?

தமிழ்நாட்டுக்காரர் யாரிடமாவது உங்கள் ஆவணங்களை எல்லாம் மேசையில் பரப்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'செந்தில்குமார் எம்', ஆதாரில் 'எம் செந்தில் குமார்' என்று நடுவில் ஓர் இடைவெளி, பான் கார்டில் 'செந்தில்குமார் முருகேசன்', பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் வெறும் 'ஆண்'. இதில் யார் தவறும் இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு காலம் தள்ளுகிறோம். விசா படிவமோ சர்நேம் உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்டது.

இந்தக் குழப்பத்தைப் பார்த்ததும் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். ஒன்று, பயந்துபோய் கெஜட்டில் பெயர் மாற்றப் போய்விடுவார்கள், அல்லது 'அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டுவிட்டு, நேர்காணலில் 221(ஜி) சீட்டு, அதாவது கூடுதல் ஆவணம் கேட்டு விசாவை நிறுத்திவைக்கும் சீட்டு, கையில் வந்த பிறகு ஓடுவார்கள். இரண்டும் வேண்டாம். பெயர் வேறுபாடுகளில் பாதிக்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சிலவற்றுக்கு விளக்கம் போதும், மிகச் சிலவற்றை மட்டும்தான் திருத்த வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, ஆவணம் வாரியாகப் பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி, புள்ளியோடு அப்படியே எழுதுங்கள். கூடவே பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், திருமணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி பெயர். மனதில் இருப்பதை எழுதாதீர்கள், ஆவணத்தைப் பார்த்து எழுதுங்கள். செந்தில் என்பதில் டிக்குப் பின்னால் ஹெச் இருக்கிறதா, சுப்பிரமணியன் என்பது என்னில் முடிகிறதா எம்மில் முடிகிறதா, சண்முகம் எஸ்ஸில் தொடங்குகிறதா எஸ்ஹெச்சில் தொடங்குகிறதா என்பதெல்லாம் எழுதும்போதுதான் கண்ணில் படும்.

அப்பா பெயரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபது வருடம் 'எம்' என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருந்த பெயர் அது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அந்த நேரத்தில் ஈ-சேவை மையத்திலோ டிராவல்ஸ் கடையிலோ யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த ஸ்பெல்லிங்கில் முருகேசனைத் தட்டிவிடுகிறார். அப்பாவின் ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் வேறு மாதிரி இருக்கிறது. இப்போது அப்பா பெயர்தான் உங்கள் சர்நேம். ஆக அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறினால் மாறுவது உங்கள் குடும்பப் பெயர். மாணவர் விசாவுக்கு அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டும்போதும், பல வருடம் கழித்து அப்பா அம்மாவை அங்கே கூப்பிட மனு போடும்போதும் இது தலைதூக்கும். முந்தைய தலைமுறை என்றால் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல் இருக்கும், பழைய பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

பாஸ்போர்ட்தான் அடித்தளம்

விசா பாஸ்போர்ட்டில்தான் ஒட்டப்படுகிறது. அதனால் மற்ற எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள், மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்போர்ட்டில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: சர்நேம், கிவன் நேம் (உங்கள் சொந்தப் பெயர்) என்று அச்சிட்ட வரிகள், கடைசிப் பக்கத்தில் உள்ள பெற்றோர், துணைவர் பெயர், போட்டோ பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக இருக்கும் இயந்திரம் படிக்கும் பகுதி. அந்த அடிவரியில் << என்று இரட்டைக் குறி இருக்கும் இடம்தான் சர்நேமையும் கிவன் நேமையும் பிரிக்கிறது. விமான நிலையத்தில் கருவி படிப்பது அதைத்தான். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் பொருந்தவில்லை என்றால் அது பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டிய அச்சுப் பிழை.

சர்நேம் காலியாக இருந்தால்

நம் ஊரில் ஏராளமானவர்களுக்கு இதுதான் நிலை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கிவன் நேம் கட்டாயம், சர்நேம் கட்டாயமில்லை என்பதால் முழுப் பெயரையும் கிவன் நேமில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். இந்தியாவுக்குள் இருக்கும்வரை இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை.

அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் சர்நேமைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் கிவன் நேமில் உள்ள முழுப் பெயரையும் சர்நேம் கட்டத்தில் எழுதி, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யு என்று போட வேண்டும். 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். விசாவிலும் அப்படியே வரும். மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சேர்க்கைப் படிவத்திலும் முழுப் பெயர் சர்நேம் கட்டத்தில்தான் வரும். அப்புறம் அங்கே போய் டிரைவிங் லைசென்ஸ், பேங்க் கணக்கு என்று பல இடங்களில் எஃப்என்யு உங்கள் கூடவே வரும். பேராசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து உங்களை 'ஃப்னு' என்று கூப்பிடுவது எல்லாம் வேடிக்கைக் கதை இல்லை, நடக்கிற சங்கதி.

நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் முழுப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டுக் கிவன் நேமைக் காலியாக விடச் சொல்கிறார்கள், எஃப்என்யு போடக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது, பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று விளக்கம் தந்தது. அமெரிக்காவுக்குப் படித்த பாடத்தை அப்படியே வேறு நாட்டுப் படிவத்தில் ஒப்பிக்காதீர்கள்.

சரி, சர்நேம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டை மாற்றலாமா? பேரனைப் பார்த்துவிட்டு வரப் போகும் பெற்றோர் என்றால் விட்டுவிடுங்கள், எஃப்என்யு ஒன்றும் கடிக்காது. படிக்கவோ வேலைக்கோ போய் சில வருடம் இருக்கப் போகிறவர் என்றால், போவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து சர்நேமைப் பிரித்துக்கொள்வதுதான் என் கட்சி. ஆனால் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது: பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே, டோஃபல், ஜிஆர்இ தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே. ஐ-20 கையில் வந்த பிறகு, விசா கட்டணம் கட்டிய பிறகு பாஸ்போர்ட்டில் கை வைத்தால் ஒன்று போய் ஒன்பது வேலை வரும்.

எந்தப் பெயரை சர்நேமாக வைப்பது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலானவர்கள் அப்பா பெயரைத்தான் வைக்கிறார்கள். அதன் விளைவு, அங்கே உங்களை 'மிஸ்டர் முருகேசன்' என்பார்கள், நீங்கள் ஒரு நொடி திரும்பி அப்பாவைத் தேடுவீர்கள். சிலர் தன் பெயரை சர்நேமாகவும் அப்பா பெயரைக் கிவன் நேமாகவும் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஆபீசில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் உங்களைச் செல்லமாகக் கூப்பிடுவார்கள், இது இன்னும் மோசம். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அது கிவன் நேமில் இருக்கட்டும். வீட்டில் அண்ணன் தம்பி இருவர் என்றால் இருவரும் ஒரே முறையில், அப்பா பெயருக்கு ஒரே ஸ்பெல்லிங்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தாளைப் பார்த்து வகை பிரித்துக்கொள்ளுங்கள்

இனிஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, விரிந்திருப்பது, செந்தில்குமார் சேர்ந்தோ பிரிந்தோ இருப்பது: இதெல்லாம் கண்டுகொள்ள வேண்டாத வகை. சென்னைத் துணைத் தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் இந்த இனிஷியல்களைப் பார்ப்பவர்கள்தான், ஒரு வரியில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். தமிழில் உள்ள சான்றிதழில் 'செ' என்றும் ஆங்கிலச் சான்றிதழில் 'சி' என்றும் இனிஷியல் இருப்பதும் இந்த வகைதான், செல்லமுத்துவை ஆங்கிலத்தில் சி போட்டு எழுதுகிறவர்கள் உண்டு.

ஸ்பெல்லிங் மாறுவது, திருமணத்துக்குப் பின் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்தது, அப்பா பெயரில் பட்டம் சேர்ந்திருப்பது: இவற்றுக்கு விளக்கம் வேண்டும், அதாவது ஓர் அஃபிடவிட்டும் அதற்குத் துணையாகச் சில ஆவணங்களும்.

வீட்டில் கூப்பிடும் பெயர் ஒரு சான்றிதழிலும் பள்ளிப் பெயர் இன்னொன்றிலும் இருப்பது, நியூமராலஜி பார்த்துப் பாதியில் பெயரை மாற்றியது, மதம் மாறியபோது பெயர் மாறியது, பிறந்த தேதியே வேறாக இருப்பது: இவைதான் திருத்த வேண்டிய வகை. பெயரும் தேதியும் சேர்ந்து மாறியிருந்தால், இது வேறு ஆளா என்று கேட்க அதிகாரிக்கு எல்லா நியாயமும் உண்டு.

எந்த விசா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விசிட்டர் விசாவுக்குப் பாஸ்போர்ட்டைத் தாண்டி ஆவணங்களைப் புரட்டுவது குறைவு. மாணவர் விசாவுக்கு ஐ-20, மார்க்‌ஷீட், பணம் கட்டுபவரின் பேங்க் ஆவணம். எச்-4, எஃப்-2 போன்ற துணைவர் விசாவுக்குத் திருமணச் சான்றிதழ்தான் உயிர், அதில் உள்ள இருவர் பெயரும் இருவர் பாஸ்போர்ட்டோடும் பொருந்த வேண்டும். கிரீன் கார்டு என்றால் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி எல்லாவற்றையும் கேட்பார்கள்.

புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு ஒன்று: கல்யாணம் ஆனதும் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மாமியார் வீட்டில் யாராவது சொன்னார்கள் என்று ஆதாரில் மட்டும் கணவர் இனிஷியலைப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு நிற்காதீர்கள். பெயரைத் தொடாமல் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, துணைவர் விசாவுக்கு அதுவும் திருமணச் சான்றிதழும் தாராளம். திருமணத்தைப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போய், அதில் உள்ள ஸ்பெல்லிங்கையே எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

திருத்துவது என்றால் எந்த வரிசையில்

வேரிலிருந்து மேலே வாருங்கள்: பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், பிறகு பாஸ்போர்ட். பள்ளி மார்க்‌ஷீட்டைத் தொடாமல் இருப்பதே மேல். அதைத் திருத்துவது நீண்ட வேலை, பாஸ்போர்ட்டை மார்க்‌ஷீட்டுக்குப் பொருத்துவது அதைவிடச் சுலபம்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாதது எண்பது, தொண்ணூறுகளில் பிறந்தவர்களிடம் சர்வசாதாரணம். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பதிவு போட்டார்கள், பெயர் வைத்தது பிறகு, போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெயரைச் சேர்க்க முதல் 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் என்பது விதி. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது காலக்கெடுவை நீட்டித்துத் தருவது உண்டு என்பதால், வயது தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல், பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சி, நகராட்சி அல்லது தாலுகா அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். எழுத்துப் பிழை என்றால் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆவது பிரிவில் வழி இருக்கிறது: பழைய பதிவை அடிக்காமல் ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் கையெழுத்திடுவார்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் அதே அலுவலகத்தில் 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வாங்கிக்கொண்டு, அதனோடு பள்ளிச் சான்றிதழ், பிறப்பை நேரில் அறிந்த உறவினர்களின் அஃபிடவிட் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். கிரீன் கார்டுக்கு இந்தக் கட்டு போதும் என்பது வழக்கம். ஆனால் பதிவு இல்லை என்ற சான்று இல்லாமல் அஃபிடவிட்டை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரு முறை அவசரத்தில் வீணடித்துவிடாதீர்கள், கடைசியில் பாஸ்போர்ட்டில் எப்படி வரப் போகிறதோ அதை முடிவு செய்த பிறகு ஆதாரில் கை வையுங்கள்.

உண்மையாகவே பெயர் மாறியிருந்தால்தான் கெஜட். தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியாகும். வெளியான பக்கத்தை நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள், பாஸ்போர்ட் முதல் பேங்க் வரை எல்லோரும் கேட்பார்கள். வெறும் இனிஷியலை விரிப்பதற்குக் கெஜட் வேண்டாம். தேவையில்லாமல் கெஜட் போட்டால், இல்லாத பெயர் மாற்றம் ஒன்றை நீங்களே உண்டாக்கி, இனி எல்லாப் படிவத்திலும் 'பழைய பெயர் உண்டா' என்ற கேள்விக்கு ஆமாம் போட வேண்டி வரும்.

அஃபிடவிட்டில் என்ன இருக்க வேண்டும்

நோட்டரி கடைகளில் 'ஒன் அண்ட் த சேம் பர்சன்' என்று கேட்டால் அச்சடித்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாங்கி வராதீர்கள், உங்கள் தாளைப் பார்த்து நீங்களே சொல்லி எழுத வையுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் பொருள் இவ்வளவுதான்:

'என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் (எண், ஆண்டு) செந்தில்குமார் எம் என்றும், பான் அட்டையில் செந்தில்குமார் முருகேசன் என்றும், பாஸ்போர்ட்டில் (எண்) இன்ன பெயர் என்றும் உள்ளது. எம் என்பது என் தந்தை முருகேசன் பெயரின் முதலெழுத்து. தமிழ்நாட்டில் குடும்பப் பெயருக்குப் பதில் தந்தை பெயரின் முதலெழுத்தை எழுதுவது வழக்கம். இவை அனைத்தும் என் ஒருவரையே குறிக்கும்.'

ஆவண எண்கள் முக்கியம், காரணம் சொல்லும் அந்த ஒரு வரியும் முக்கியம். முத்திரைத்தாள் கட்டணத்தைத் தமிழக அரசு 2024-இல் உயர்த்திவிட்டது, பீரோவில் கிடக்கும் பழைய 20 ரூபாய்ப் பத்திரத்தோடு போய் நிற்காதீர்கள்.

தமிழில் உள்ள சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழில் 'இலட்சுமி' என்றிருப்பதை ஆங்கிலத்தில் எத்தனையோ விதமாக எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்கை எழுதினால் ஒரு வேறுபாடு பிறக்காமலே போய்விடும். மூல ஆவணத்தில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் அவர் மாற்றக் கூடாது, அது மோசடிக் கணக்கில் வந்துவிடும்.

படிவம் நிரப்பும்போது

டிஎஸ்-160-இல் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. 'தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர்' என்று கேட்கும் இடத்தில் தமிழிலேயே தட்டலாம். 'வேறு பெயர்களைப் பயன்படுத்தியது உண்டா' என்ற கேள்வியில்தான் பலர் தயங்குகிறார்கள். இனிஷியல் விரிவுக்கெல்லாம் ஆமாம் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர், கெஜட்டில் மாற்றிய பெயர், பழைய பாஸ்போர்ட்டில் அல்லது பழைய விசா விண்ணப்பத்தில் இருந்த வேறு அமைப்பு ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். பழைய விண்ணப்பம் அவர்களிடம் இருக்கிறது, நீங்கள் மறைத்ததாகத் தெரிந்தால் பெயர் வேறுபாட்டை விட அதுதான் பெரிய சிக்கல்.

அப்பா, அம்மா பெயரைக் கேட்கும் கட்டங்களில் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளதை எழுதுங்கள். சமர்ப்பித்த பிறகு தவறு தெரிந்தால் புதிய டிஎஸ்-160 நிரப்பலாம், ஆனால் படிவத்தின் உறுதி எண் (கன்ஃபர்மேஷன் நம்பர்) மாறிவிடும், நேர்காணல் பதிவில் உள்ள எண்ணையும் மாற்ற மறக்கக் கூடாது. ஐ-20-இல் பிழை இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட் நகலோடு ஒரு மின்னஞ்சல் போட்டால் திருத்தித் தருவார்கள், நேர்காணலுக்கு முன்பே கேளுங்கள்.

நேர்காணலில் அவர்கள் கேட்காமல் அஃபிடவிட்டை நீட்ட வேண்டாம். கேட்டால் ஒரு மூச்சில் சொல்லுங்கள்: 'எம் என்பது அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிறது.' தமிழர் பெயரிடும் மரபு பற்றிய வகுப்பெல்லாம் அங்கே எடுக்க நேரமில்லை.

விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட் படியே. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி எழுதச் சொல்லும், பணம் கட்டும் முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். விசா செல்லுபடியாகும் காலத்தில் பெயரை மாற்றிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள், பழைய விசாவை வைத்து ஓட்டுவதைவிடப் புது விசா எடுப்பது நல்லது, அமெரிக்க வெளியுறவுத் துறையே அதைத்தான் பரிந்துரைக்கிறது.

போய் இறங்கியதும் முதல் வேலையாக இணையத்தில் உங்கள் ஐ-94 பதிவை, அதாவது நீங்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவை, எடுத்துப் பாருங்கள். சர்நேமும் கிவன் நேமும் இடம் மாறியிருந்தாலோ, ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலோ, எல்லைப் பாதுகாப்புத் துறையின் 'டெஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். அதை முடித்துவிட்டு சோஷியல் செக்யூரிட்டிக்கும் லைசென்ஸுக்கும் போங்கள்.